பெயர் இல்லாத சான்றிதழ்

ஜூலை 15, திங்கள்

இந்த டைரி பிபி எழுதுவதற்காக வாங்கியது. தினமும் காலையில் அளந்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. இத்தனை நாளும் பக்கத்துக்கு ஒரு எண் மட்டும்தான். இவ்வளவு நல்ல தாளை வீணாக்குவானேன் என்று இன்று முதல் மிச்ச இடத்திலும் எழுதுகிறேன்.

பிபி 136/88.

இன்று வேலைக்குத் திரும்பினேன். பிரசவ விடுப்பு நவம்பர் கடைசி வரை இருக்கிறது. குழந்தை இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தையல் ஆறி முழுசா ரெண்டு மாசம் ஆகல, பச்ச ஒடம்பு சாமி" என்று பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொடுத்தார். வீட்டுக்காரர் பூபதி தடுக்கவில்லை. வண்டியில் சரவணம்பட்டி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் பம்பு கம்பெனிக்குப் போனார்.

ஆபீசில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் என் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை.

"மேடம், என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க! ஸ்வீட்டு எங்கங்க?"

"நாளைக்குக் கொண்டாரேங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜூலை 16

பிபி 134/86.

கால் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன். சொன்னால் செய்ய வேண்டும். "பையனுங்களா, பொண்ணுங்களா?" என்றார். பொண்ணு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

டீம் லீட் ஜெசிந்தா அக்கா புது வேலை கொடுத்தார். எங்கள் கம்பெனி ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு சர்வர் பார்த்துக்கொள்கிறது. மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. நான் இன்னார்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அடையாள அட்டை மாதிரி. அதற்கு ஆயுள் உண்டு. தேதி தாண்டினால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு லேபின் சான்றிதழ் யாரும் கவனிக்காமல் காலாவதியாகி, அரை நாள் முழுக்க யாராலும் ரிப்போர்ட்டைத் திறக்க முடியவில்லையாம். போன மாதம் நான் இங்கே இல்லை.

"எல்லாச் சான்றிதழையும் எடுத்து, படிச்சு, எது எப்ப முடியுதுன்னு தேதிவாரியாச் சொல்ற மாதிரி பைத்தான் மொழில ஒரு ஸ்கிரிப்ட் எழுதணும் கோகிலா. அவசரம் இல்ல. மெதுவாப் பண்ணு."

அவசரமில்லாத வேலையாகத் தேடித் தந்திருக்கிறார் என்பது புரிந்தது. பரவாயில்லை.

ஜூலை 18

முதல் சான்றிதழைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் சான்றிதழ் ஆரம்பம், கடைசி வரியில் சான்றிதழ் முடிவு என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நடுவில் யாருக்கும் புரியாத எழுத்துக் குவியல். அதைப் பைத்தானிடம் கொடுத்தால் பத்து வரிகளில் பிரித்துத் தந்துவிடுகிறது. யாருடையது, யார் கையெழுத்திட்டது, எந்த நாள் முதல், எந்த நாள் வரை. அவ்வளவுதான் உள்ளே இருப்பது.

சேலத்தில் யாரோ ஒருவர் தன் சர்வருக்குத் தானே சான்றிதழ் செய்து, தானே கையெழுத்துப் போட்டு, நூறு வருஷம் ஆயுளும் கொடுத்திருக்கிறார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் சிரிக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை போல.

காஸ் புக் பண்ணினேன். அம்மா இன்றும் பூண்டுக் குழம்புதான். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியத்தை அவர் விடவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஜூலை 19

பிபி 142/90. கொஞ்சம் அதிகம்.

சாயங்காலம் எங்கள் அபார்ட்மெண்ட் லிப்டில் இரண்டாம் மாடிக் குழந்தை அழுதது. பால் எல்லாம் நின்று பத்து நாளாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். நான்காம் மாடிக்குப் போவதற்குள் சுடிதார் முன்பக்கம் நனைந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அம்மா நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போய் நாலு முழம் மல்லிகை வாங்கிவந்தார். தலைக்கு அல்ல. கதவைத் தாழிட்டு, சரத்தை மார்போடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பூவின் குளிர்ச்சியில் பால் வற்றும் என்பார்கள். கட்டும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பூபதி ஏழு மணிக்கு மேல்தான் வந்தார். "என்ன, வீடெல்லாம் மல்லிப்பூ வாசம் அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அம்மா ஏதோ ஜாடை காட்டியிருக்க வேண்டும். பிறகு அவர் ஹாலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

பூபதியோடு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது. அவர் சத்தம் போடவில்லை. நானும் போடவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"கோகிலா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பர்த் சர்டிபிகேட் வாங்கி வெச்சிருக்கறன். பேரு எடம் காலியாத்தான் இருக்குது. அப்பறமாக்கூட எழுதிக்கலாம்னாங்க. நீ ஒரு பேரு நெனச்சு வெச்சிருந்தயல்ல? எங்கிட்டக்கூடச் சொல்லாம."

"அத வெச்சு என்னங்க பண்றது? ஸ்கூல்ல சேத்தப் போறமா?"

"அதுக்குக் கேக்கலம்மா."

"பேரு இல்லாமத்தான புதைச்சீங்க. எல்லாத்தையும் நீங்களாத்தான பண்ணுனீங்க. இதையும் நீங்களே பண்ணிக்கங்க."

அவர் கையிலிருந்த தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அளவுக்கு மடித்துவிட்டார்.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிட்டால் அப்புறம் எழுத வேண்டியதில்லை. ஜூன் 3 காலை எனக்கு பிபி ஏறி வலிப்பு வந்தது. ஏழு மாதம்தான் முடிந்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்து, பச்சைக் குழந்தைகளுக்கென்று தனி ஐசியூ இருக்கிற வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். என்னை இங்கே ஐசியூவில் வைத்தார்கள். நான்கு நாள் எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோதும் படுக்கையில் உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. "பாப்பா நல்லாருக்குது, நீ மொதல்ல எந்திரி" என்றார்கள். 12ஆம் தேதி விடியற்காலை குழந்தை போய்விட்டது. எனக்கு 14ஆம் தேதி சொன்னார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. ஐசியூவுக்குள் போன் கொண்டுபோக விடாததால் போட்டோவும் இல்லை.

என் பிபி இருந்த நிலையில் பூபதி மறைத்தது சரிதான் என்று டாக்டரம்மாவே சொன்னார். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

ஜூலை 22

செக்யூரிட்டி அண்ணனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். இன்று என் பையைத் திறந்து பார்க்காமலே உள்ளே விட்டார்.

ஜூலை 25

பிபி 138/86.

ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிட்டது. அப்படி ஓர் இடமே பட்டியலில் இல்லை என்று பிழைச் செய்தி. காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எல்லாச் சான்றிதழிலும் உரியவர் பெயர் என்று ஓர் இடம் இருக்கும், அதை எடுத்துக்கொடு என்று எழுதியிருந்தேன். ஈரோட்டு லேப் ஒன்றின் சான்றிதழில் அந்த இடம் காலி. இல்லாத பெயரைக் கேட்டதும் ஸ்கிரிப்ட் மூச்சடைத்து நின்றுவிட்டது.

"இது தப்பான சான்றிதழ்ங்களா அக்கா?"

ஜெசிந்தா அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். "தப்பெல்லாம் இல்ல. பேரு இல்லாட்டியும் அது முழுச் சான்றிதழ்தான். கட்டாயம் பேரு இருக்கும்னு நாமதான் நெனச்சுக்கிட்டோம். இப்ப வர்றதெல்லாம் சைட் பேர வேற எடத்துல வெக்கிறாங்க. மாற்றுப் பெயர்னு ஒரு பகுதி இருக்கும் பாரு, அங்க தேடு."

தேடினேன். இருந்தது. அங்கேயும் இல்லாவிட்டால் 'பெயர் இல்லை' என்று அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா திட்டினார்.

ஜூலை 26

தலைவலி. ஸ்கிரிப்ட் கடைசி வரை ஓடியது.

ஜூலை 30

எச்.ஆர். பெண் என் மேஜைக்கு வந்து, இரண்டு தடவை என்னவோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்தி, கடைசியில் சொன்னாள். விடுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டதால் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் இரண்டும் ஃபைலில் இருக்க வேண்டுமாம். "மெதுவா அனுப்புங்க மேம், சாரி மேம்" என்றாள். இருபத்து மூன்று வயது இருக்கும். பாவம், அவள் வேலை அது.

சாயங்காலம் பீரோவைத் திறந்தேன். பூபதி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எல்லாவற்றையும் அடுக்கிவைத்திருக்கிறார். நான் இதுவரை தொடவில்லை.

பிறப்புச் சான்றிதழ்: தாய் பெயர் சரி. தந்தை பெயர் சரி. பாலினம் பெண். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

இறப்புச் சான்றிதழ்: இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'கோகிலவாணியின் குழந்தை' என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனாலும் முதலில் என் கண்ணில் பட்டது என் பெயர் மட்டும்தான். அது அந்த இடத்தில் இருப்பது தவறு என்று தோன்றவில்லை.

இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு பருப்புக்குத் தாளித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1

பிபி 140/90.

ஸ்கிரிப்ட் சரியாகத் தேதி சொல்கிறதா என்று சோதிக்க, ஏற்கெனவே காலாவதியான சான்றிதழ் ஒன்று வேண்டும். நாமே செய்துகொள்ளலாம். பெயர், ஆரம்ப நேரம், முடிவு நேரம் மூன்றும் கொடுத்தால் பைத்தானே செய்து தரும். ஏதாவது ஒரு பெயரும் ஏதாவது இரண்டு தேதிகளும் போதும். கைக்கு வந்ததைப் போட்டேன்.

ஆரம்ப நேரம் தெரியும். ஜூன் 3 காலை 10.40. டிஸ்சார்ஜ் அட்டையில் இருக்கிறது. முடிவு நேரம்தான் தெரியவில்லை. காலையில் பூபதி சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டிருந்தேன்.

"காலைல எத்தன மணிக்குங்க?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தது.

"நாலு பத்து."

மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஆபீசுக்கு நான் பஸ்ஸில் போவதில்லை. அவர்தான் கொண்டுபோய் விடுவார். இன்று பஸ்ஸில் போனேன்.

ஆகஸ்ட் 2

சோதனைச் சான்றிதழை ஸ்கிரிப்டிடம் கொடுத்தேன். பெயரைப் படித்தது. காலாவதி என்று சிவப்பில் காட்டியது. அதுதான் சரியான விடை. ஆனால் முடிந்த தேதி ஜூன் 11 என்றது.

சான்றிதழுக்குள் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு 12ஆம் தேதி விடியற்காலை நாலு பத்து என்றால் அங்கே இன்னும் முதல் நாள் ராத்திரி. அதை மாற்றாமல் தேதியை மட்டும் எடுத்து அச்சிட்டிருக்கிறேன். ஒரு நாள் குறைந்துவிட்டது.

மற்ற சான்றிதழ்களிலும் இதே பிழை இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டேன். ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன். மறுபடி ஓட்டினேன். 12 என்று வந்தது. பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஒரு தடவை ஓட்டினேன். 12.

ஆகஸ்ட் 5

ஜெசிந்தா அக்கா என் ஸ்கிரிப்டைச் சரிபார்த்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது அவர் வழக்கம். சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவர் சோதனைச் சான்றிதழ் வந்ததும் நிறுத்திவிட்டார். பெயரைப் படித்தார். தேதிகளைப் படித்தார். என் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

"டெஸ்டுக்குத்தாங்கக்கா" என்றேன். "வேற பேரு போட்டுடறேன்."

"எதுக்கு?"

"சும்மா கைக்கு வந்ததப் போட்டேன். ஃபைல எடுத்துடறேன்."

"எடுக்காத." நேரத்தை மாற்றிய வரிக்கு மறுபடி போய்ப் பார்த்தார். "ஒரு நாள் கொறைஞ்சதக் கண்டுபிடிச்சுக் குடுத்தது இதுதானே? இருக்கட்டும். இந்த ஸ்கிரிப்ட் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் வெச்ச பேரு கோகிலா?" என்றார்.

"நான்தாங்கக்கா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவோ தோளைத் தட்டவோ இல்லை. அடுத்த வரிக்குப் போனார். ஒரு இடத்தில் கமா விட்டுப்போயிருப்பதைக் காட்டினார்.

ஆகஸ்ட் 9

பிபி 132/84.

ஸ்கிரிப்ட் இப்போது தினமும் காலை தானாக ஓடுகிறது. கூடலூர் லேப் ஒன்றின் சான்றிதழ் சுதந்திர தின விடுமுறையன்று முடிகிறது என்று இன்று காட்டியது. உடனே புதுப்பித்துவிட்டோம். அந்த லேப்காரர் போன் செய்தார். "நல்ல வேளைங்க மேடம், முன்கூட்டியே பாத்துச் சொன்னீங்க. முன்னாடியே தெரிஞ்சுட்டா எதையும் சமாளிச்சுப்போடலாமுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அம்மா தாராபுரம் கிளம்பினார். அப்பாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் நான் கூடப் போனேன். பஸ் கிளம்ப நேரமிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கீழே நின்ற என்னிடம் சட்டென்று கேட்டார்.

"மாப்ள தெனமும் சாயந்தரம் எங்க போயிட்டு வாராருன்னு கேட்டயா?"

"கம்பெனில ஓவர்டைம் இருக்கும்மா."

"ஓவர்டைமும் இல்ல ஒண்ணும் இல்ல. பாப்பா இருந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்கால ஒரு டீக்கடை இருக்குது. அங்க போயி உக்காந்துட்டு வாராரு. அந்த நாள்ல உள்ள விடற நேரத்துக்கு அங்கதான் காத்துட்டு இருந்தாராம். நம்ம ஊருக் கந்தசாமி அந்த வழியாப் போனப்ப பாத்துட்டு வந்து சொன்னான்."

தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"பாக்கலயேன்னு உனக்குக் கோவம். எனக்குத் தெரியாதா சாமி? ஆனாப் பாத்த மனுசனுக்கு எப்பிடி இருக்கும்? பேசறதுக்கு அவருக்கு யாரு இருக்கறா? நீ காது குடுக்க மாட்டீங்கற. எங்கிட்டச் சொல்ல அவருக்குக் கூச்சம்."

எனக்குக் கோபமில்லை என்று சொல்ல நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 12

பூபதி ஏழே காலுக்கு வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். "நீ குடிச்சயா?" என்றார்.

ஆகஸ்ட் 14

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட முடியுங்களா? கார்ப்பரேஷன் ஆபீஸ் போயிட்டு வந்தரலாம்."

"எதுக்கு?"

"பேரு எழுதறதுக்கு."

கையிலிருந்த இட்லித் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "என்ன பேரு?" என்றார்.

வாய் திறந்தேன். வரவில்லை. அந்தப் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறேன், ஆனால் இதுவரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றில் இருந்தபோதும் மனதுக்குள்தான் கூப்பிட்டிருக்கிறேன். பிறந்த பிறகு சொல்லிக் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

"அங்க வந்து சொல்றனுங்க."

"சரி, அங்கயே சொல்லு" என்றார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பிபி அளக்கவில்லை. மறந்துவிட்டேன்.

காலை பத்து மணிக்கெல்லாம் கார்ப்பரேஷன் ஆபீசில் நல்ல கூட்டம். பாதிப் பேர் கையில் குழந்தை. அதை நான் யோசித்திருக்கவில்லை. பூபதி யோசித்திருப்பார் போல. என்னைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, தான் மறைத்தாற்போல் நின்றுகொண்டார். டோக்கன் வர ஒரு மணி நேரம் ஆனது.

கவுன்ட்டரில் ஒரு அம்மா. கண்ணாடித் தடுப்பில் சின்ன ஓட்டை. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடியது. படிவத்தையும் இரண்டு சான்றிதழ்களையும் நீட்டினேன். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, கீழே இருந்ததையும் பார்த்து, அந்த அம்மா எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

"பேரு சொல்லுங்கம்மா. எழுத்துப் பெழை வரக்கூடாது."

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க, ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்க மாட்டீங்குது."

"நிறைமதி."

"நிர்மதியா?"

"நிறைமதிங்க. நிறை... மதி. வல்லின ற." ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபதி என்னைப் பார்க்கவில்லை. கவுன்ட்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

அச்சாகி வர நேரமாகும், உட்காருங்கள் என்றார்கள். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. சூலூர்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. தோளில் ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரு ரொம்ப நல்லாருக்குதுங்க்கா. பாப்பாவ ஊட்ல உட்டுப்போட்டு வந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளை இனி எங்கே பார்க்கப்போகிறேன்.

"இல்லைங்க. எறந்துட்டா. ஒம்பது நாள் இருந்தா."

"அய்யோ!" என்று குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். இத்தோடு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "யாராட்டம் இருந்தா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி. நானும் யாரையும் கேட்காத கேள்வி.

"நான் பாக்கலைங்க" என்றேன். "இவருதான் பாத்தாரு."

அவள் பூபதியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் திடுக்கிட்டதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்துச் சொல்ல முடிந்திருக்காது.

"பாதி மூஞ்சி டேப்பு ஒட்டியிருந்துச்சுங்க. மூக்குல டியூப்பு. காது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. காது இவளாட்டவேதான். மடல் தனியாத் தொங்காது, கன்னத்தோட ஒட்டியிருக்கும் பாருங்க, அதே மாதிரி. தல நெறைய முடி. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, பத்துப் பத்து நிமிசம் உள்ள விடுவாங்க. கைய நல்லாக் கழுவிட்டுப் போயி நிக்கோணும். மொத நாளு சும்மாவே நின்னுட்டு வந்துட்டேன். சிஸ்டர் ஒண்ணு, 'பேசுங்க சார், அப்பா கொரல் கேக்கட்டும்'னு சொல்லுச்சு. பேரு இருந்தாக் கூப்படலாம். பேரும் இல்ல. என்ன பேசறதுன்னு தெரியலீங்க."

"அப்பறம்?"

"ரெண்டாம் நாளு, எங்க கம்பெனில பண்ற மோட்டாரையெல்லாம் வரிசையாச் சொன்னேன்."

"மோட்டாரையா?"

"ஆமாங்க. அரை எச்.பி., முக்கா எச்.பி., ஒண்ணு, ஒண்ணரைன்னு ஆரம்பிச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சது அதுதானுங்க. கிணத்து மோட்டார் தனி, போர்வெல் மோட்டார் தனி, எதுக்கு எத்தன அடி இறக்கோணும்னு எல்லாம் சொன்னேன். சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கல. ஏழரை எச்.பி. சொல்றப்ப ஒரு கால ஒதைச்சா பாருங்க..."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் நானும் சிரித்துவிட்டேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பூபதி என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"சொல்லுங்க" என்றேன். "மூணாம் நாளு?"

"மூணாம் நாளு கண்ணத் தொறந்தா." அவர் இப்போது என்னிடம் சொன்னார். "ஒரு கண்ணுதான். வலது கண்ணு. லைட்டு கூசுச்சோ என்னமோ, உடனே மூடிட்டா."

கவுன்ட்டரில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை கூப்பிட்டு, இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்தான் எழுந்துபோய் எங்களுக்காகத் தாளை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். நிறைமதி. எழுத்துப் பிழை இல்லை. வல்லின ற தான்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கேட்டேன். "நாலாம் நாளு?"

"வண்டி ஓட்டறப்ப வேண்டாம் கோகிலா. ஊட்டுக்குப் போயிச் சொல்றேன்."

வரும் வழியில் சிக்னலில் நின்றபோது, அவர் தனக்குத்தானே பெயரை ஒரு தடவை சொல்லிப்பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார். வந்ததும் சொல்வார். மூன்றாம் நாள் வரை கேட்டிருக்கிறேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.